சோடியம் போன இடம்

உயிரியல் படிக்க வரும் பிள்ளைகளுக்கு வேதியியல் என்றால் வேப்பங்காய். முதலாமாண்டு விலங்கியல் வகுப்புக்குள் நான் நுழையும்போதே பாதி முகங்கள் சுருங்கிவிடும். "தவளையைப் பத்திப் படிக்க வந்தவங்களுக்கு எதுக்கு மேடம் அணுவெல்லாம்?" என்று ஆண்டுதோறும் யாராவது ஒருவர் கேட்பார். "தவளை எதால ஆனது, தகரத்தாலயா?" என்று நானும் ஆண்டுதோறும் கேட்பேன். திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நெடுங்காலமாக இந்த ஒரே பாடத்தை நடத்திக்கொண்டிருக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். கோபத்தைப் பார்த்தவர்கள் கர்வத்தைப் பார்க்கவில்லை. அது கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது.

பாடநூலில் பிணைப்புகளைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தாலே எனக்கு எரிச்சல் வரும். சோடியம் தன் எலக்ட்ரானைக் குளோரினுக்குத் தானம் செய்கிறதாம். கல்யாண மண்டபத்தில் மொய் வைக்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். சோடியம் ஒன்றும் வள்ளல் இல்லை. அதன் கடைசி வட்டத்தில் ஒரே ஒரு எலக்ட்ரான் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிறது. உட்கருவுக்கு அதன்மேல் பிடி போதவில்லை. குளோரினின் கடைசி வட்டம் நிரம்ப ஒன்று குறைகிறது, அதன் இழுப்பும் பலமானது. பலமுள்ளது இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இழந்தது நேர்மின் அயனி, எடுத்துக்கொண்டது எதிர்மின் அயனி. எதிரெதிர் மின்சுமை என்பதால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. நாம் சோற்றில் போடும் உப்பு அதுதான். இதில் தியாகமும் கிடையாது, பாசமும் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

அடுத்தது தண்ணீர். ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். இங்கே யாரும் யாரிடமும் எலக்ட்ரானைப் பறிப்பதில்லை, பொதுவில் வைத்துக்கொள்கிறார்கள், இது சகப்பிணைப்பு. ஆனால் கூட்டுக்குடும்பத்துப் பொதுச்சொத்து போலத்தான். பேருக்குப் பொது, ஆக்சிஜன் பக்கம்தான் அதிகம் சாய்ந்திருக்கும். அதனால் தண்ணீர் மூலக்கூறின் ஒரு பக்கம் லேசாக எதிர்மின், மறுபக்கம் லேசாக நேர்மின். உப்பைத் தண்ணீரில் போட்டால், ஆக்சிஜன் பக்கத்தைக் காட்டிச் சோடியத்தைச் சுற்றி ஒரு கூட்டம், ஹைட்ரஜன் பக்கத்தைக் காட்டிக் குளோரைடைச் சுற்றி ஒரு கூட்டம். இரண்டையும் பிரித்து ஆளுக்கொரு பக்கமாகக் கூட்டிப் போய்விடும். உப்பு கரைந்துவிட்டது என்கிறோம். காணாமல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. இதையும் நான்தான் வகுப்பில் அழுத்தி அழுத்திச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் கடைமடை. பாபநாசம் பக்கத்தவர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் தெரியாது. அவர்கள் வயலை எல்லாம் நனைத்து முடித்து, குடவாசலையும் தாண்டி, வழியில் இருக்கிற அத்தனை மடைகளும் குடித்த பிறகு மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும். ஆற்றுத் தண்ணீர் வராமல் போன வறட்சி ஆண்டுகளில் என் அண்ணன் ஆழ்துளைக் கிணறு போட்டு அந்தத் தண்ணீரைப் பாய்ச்சினார். வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீர். அன்றைக்குப் பயிர் பிழைத்தால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தொடர்ந்து பாய்ச்சியதில் வயல் களராகிவிட்டது. காய்ந்தால் வெள்ளை பூக்கும், நனைந்தால் பசையாகிவிடும், தண்ணீர் உள்ளே இறங்கவே இறங்காது. விளைச்சல் பாதியானது, பிறகு அந்தப் பாதியும் குறைந்தது.

அண்ணன் என்னைவிட மூத்தவர், பத்தாவதோடு நிறுத்தியவர். அப்பாவுக்குப் பிறகு நிலத்தைப் பார்த்துக்கொள்வது அவர்தான். நான் தஞ்சாவூரில் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு வந்ததில் அவருக்குப் பெருமையும் உண்டு, ஒரு சின்னக் கிண்டலும் உண்டு. "படிச்ச புள்ள, சொல்லு. மண்ணுக்கு என்னதான் பண்ணலாம்?" என்று அவர் ஒருநாள் கேட்டபோது, இத்தனை நாளும் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல நான் பிடித்துக்கொண்டேன்.

சாப்பாட்டு மேசையில் உப்புக் கிண்ணத்தையும் ஊறுகாய்க் கிண்ணத்தையும் நகர்த்தி நகர்த்தி விளக்கினேன். களிமண் துகளின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை இருக்கிறது. அதில் சோடியம் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. சோடியத்துக்கு ஒற்றை நேர்மின்சுமை. கால்சியத்துக்கு இரண்டு. ஜிப்சத்தைப் போட்டுத் தண்ணீர் கட்டினால் கால்சியம் கரைந்து வந்து, பலமான பிடியோடு மண்ணில் உட்காரும். சோடியம் இடத்தைக் காலி செய்துவிட்டுத் தண்ணீருக்கு வந்துவிடும். அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டியதுதான். ஜிப்சம் போடுவது ஊரில் புதிதல்ல, வேளாண்மை ஆபீசில் சொல்கிறதுதான். ஆனால் ஏன் என்று தெரிந்து செய்வது நாங்கள்தான் என்று எனக்கு ஒரே மிதப்பு.

"கலக்கிக் கட்டி, நல்லா நிக்க வச்சு, வடிச்சு விடுங்க. திருப்பிக் கட்டி திருப்பி வடிங்க" என்றேன்.

"சரி, வடிச்சுடுறேன்" என்றார் அண்ணன்.

எந்தப் பக்கம் என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு எங்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது? வயலுக்குப் பின்னால் இருந்த வடிகால் பல வருடமாகக் கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டித் தூர்ந்து கிடந்தது. மேல் வயலில் மிச்சமான தண்ணீரைக் கீழ் வயலுக்கு விடுவதுதான் பழக்கம். கடைமடையில் அது பெரிய மரியாதை. தண்ணீரை வரப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறவனைத்தான் ஊர் திட்டும். விடுகிறவனை யாரும் திட்டியதில்லை.

எங்களுக்குக் கீழ் வயல் ஒரு பாய் வீட்டு நிலம். அவர் வளைகுடாவில் ஏதோ ஒரு கம்பெனியில் ஓட்டுநராக இருந்தார். அந்த நிலம் அவர் போன நாளிலிருந்து தரிசாகவே கிடந்தது. பயிர் இல்லாத வயலுக்கு யாரும் தண்ணீர் விடுவதில்லை, மழைத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் அதன்மேல் பட்டதில்லை. எங்கள் வயல் உப்பேறிக்கொண்டிருந்த காலமெல்லாம் அது சும்மா கிடந்ததாலேயே தப்பித்திருந்தது. அன்றைக்கு நான் இதை யோசிக்கவில்லை.

சென்ற ஆண்டு அவர் திரும்பி வந்தார். அவருடைய மகள் என் வகுப்பில், முதலாமாண்டு விலங்கியல். நானும் அவளும் ஒரே டவுன் பஸ்ஸில்தான் போவோம். என்னிடம் பேசப் பயப்படாத சில பிள்ளைகளில் அவள் ஒருத்தி. "அத்தா இந்த ஒரு போகம் பாத்துட்டு முடிவு பண்றேன்னு சொல்லியிருக்காங்க மேடம். வெள்ளாமை நல்லா வந்தா இங்கயே இருந்துடுவாங்க. இல்லேன்னா திரும்பப் போயிடுவாங்க" என்று ஒருநாள் சொன்னாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நான் பொறந்ததிலேருந்து அத்தாவ போன்லதான் மேடம் அதிகமா பாத்திருக்கேன். இப்ப வீட்ல நடந்து போறத பாத்தா, ஆள் இவ்வளவு குட்டையான்னு இருக்கு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆவணியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அண்ணன் ஏற்கெனவே ஜிப்சம் தூவி உழுது வைத்திருந்தார். தண்ணீர் கட்டி, நிற்க வைத்து, வரப்பை வெட்டி விட்டார். மறுபடியும் கட்டி, மறுபடியும் வெட்டி விட்டார். அன்று மாலை அண்ணன் வீட்டுக்கு வந்து, "பாய்க்குத் தண்ணி விட்டேன். வாய்க்கா தண்ணி அவரு வயல் வரைக்கும் வந்து சேரவே மாட்டேங்குது. மனுசன் மனசு நெறஞ்சு போயிட்டாரு" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் அந்தப் பெண் ஒரு டப்பாவில் வட்டிலாப்பம் கொண்டுவந்து தந்தாள். "தண்ணி விட்டதுக்கு அத்தா குடுக்கச் சொன்னாங்க மேடம்." வெட்கமில்லாமல் முழுவதையும் சாப்பிட்டேன். தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்ந்த அந்த வாசம் டப்பாவைக் கழுவிய பிறகும் போகவில்லை.

அந்தத் தண்ணீரை நம்பித்தான் அவர் எங்கள் வரப்பை ஒட்டிய மூலையிலேயே நாற்றங்கால் போட்டார். விதை முளைத்தது. கொஞ்சம் எழுந்து வந்ததும் நுனி பழுத்தது, பிறகு தீய்ந்தது, பிறகு பாத்தி பாத்தியாகக் கருகியது. எங்கள் நாற்றோ வீட்டுக்கொல்லையில், வாய்க்காலின் தலைப்பில், பச்சைப் பசேலென்று நின்றது. யூரியா கூடிப்போய்விட்டது என்று அவருக்கு எண்ணம். டீக்கடையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "ஸ்டியரிங் புடிச்ச கை, நாத்து எப்படிப் புடிக்கும்?" என்று ஒருவர் சொல்ல எல்லாரும் சிரித்தார்களாம். அவரும் சேர்ந்து சிரித்தாராம். அண்ணன் வந்து சொன்னார்.

வகுப்பில் அப்போது அயனிகளைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் வயலில் மண் பொலபொலவென்று ஆகிவிட்டிருந்த நேரம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கரும்பலகையில் ஒரு களிமண் துகளை வரைந்து, சோடியத்தை எல்லாம் அதிலிருந்து அழித்து, கால்சியத்தைப் போட்டுக் காட்டினேன். "புத்தகத்துல இருக்கறது எங்க வயல்ல நடந்திருக்கு. கால்சியம் வந்துச்சு, சோடியம் போயிடுச்சு" என்றேன்.

அவள் கை தூக்கினாள். "போன சோடியம் எங்க மேடம் போகும்?"

"தண்ணியோட போயிடும்."

"தண்ணி எங்க மேடம் போகும்?"

அவள் முகத்தில் எந்த உள்நோக்கமும் இல்லை. பாடம் புரிந்த பிள்ளை அடுத்த படியைக் கேட்கிறது, அவ்வளவுதான். நான் வாயைத் திறந்தேன். வடிகாலுக்கு என்று சொல்ல வந்தேன். வடிகால் தூர்ந்து கிடக்கிறது என்று எனக்கே தெரியும். வரப்பை வெட்டியது தெரியும். வட்டிலாப்பம் சாப்பிட்டது தெரியும். ஒவ்வொன்றாகத் தெரிந்திருந்த எதையும் அந்த நிமிடம் வரை நான் சேர்த்துப் பார்க்கவில்லை. "வடிகால் வழியா கடலுக்குப் போயிடும்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு முன்னால் இரண்டு பாட்டிலோடு வயலுக்குப் போனேன். ஒன்றில் எங்கள் வயல் தண்ணீர், இன்னொன்றில் அவருடைய நாற்றங்கால் தண்ணீர். மதியம் ஆய்வகத்தில் யாரும் இல்லாத நேரத்தில் இரண்டு சோதனைக்குழாய்களில் ஊற்றி, நைட்ரிக் அமிலம் சொட்டு விட்டு, சில்வர் நைட்ரேட் விட்டேன். பிள்ளைகளுக்கு நான் வழக்கமாகச் செய்து காட்டுகிற சோதனைதான். குளோரைடு இருந்தால் வெள்ளை வீழ்படிவு வரும். சோடியத்தை உப்பிலிருந்து பிரித்துக் கூட்டிப் போகத் தெரிந்த தண்ணீருக்கு, வெள்ளியும் குளோரைடும் சேர்ந்தால் பிரிக்கத் தெரியாது. அந்தப் பிணைப்பு விடாது. கடல் உப்பில் சோடியம் எங்கே போனாலும் குளோரைடும் பெரும்பாலும் கூடவே போகும் என்பதால், ஒன்றைப் பிடித்தால் இன்னொன்றின் தடம் தெரியும்.

எங்கள் தண்ணீர் லேசாக மங்கியது, வாய்க்கால் தண்ணீருக்கு அது சகஜம். அவருடைய தண்ணீர் பால் திரிந்தது போலக் கட்டி கட்டியாக வெளுத்தது. நாற்று ஏன் கருகியது என்பதற்கு உயிரியல் பிள்ளைகளே விடை சொல்லிவிடுவார்கள். வேருக்கு வெளியே உப்பு அதிகமாகிவிட்டால் உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியேதான் போகப் பார்க்கும். அந்த நாற்று தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் செத்திருக்கிறது. குழாயையே பார்த்துக்கொண்டு நின்றதில், சில்வர் நைட்ரேட் என் விரல்களில் வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"காலகாலமா அந்தப் பக்கம்தான் தண்ணி விடுறோம். நான் என்ன விஷத்தையா கலந்தேன்?" என்றார்.

"உப்பத்தான் அண்ணே கலந்தோம்."

"வடிச்சு விடுன்னது யாரு? எந்தப் பக்கம் வடிக்கணும்னு சொன்னியா நீ?"

இல்லை என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "இப்ப போய் சொன்னா ஊர்ப் பஞ்சாயத்துல நிக்கணும். நம்ம நாத்து மிச்சம் இருக்கு. அத குடுப்போம். அவரும் நட்டுக்குவாரு, விஷயமும் முடிஞ்சு போகும்" என்றார்.

எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்த மண்ணில் எந்த நாற்றை நட்டாலும் கருகும் என்று மற்ற யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். பால் போல வெளுத்த குழாயை நான் கண்ணால் பார்த்தவள். ஆனாலும், தப்பு செய்தவளாக அந்த வீட்டு வாசலில் போய் நிற்பதைவிட உதவி செய்கிறவளாகப் போய் நிற்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

அவர் வயல் வரப்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"வாங்க டீச்சர்."

"பாய், எங்க நாத்து மிச்சம் இருக்கு. எடுத்துக்குங்க. அண்ணன் சொல்லச் சொன்னாங்க."

அவர் முகம் மலர்ந்தது, பிறகு தலையை ஆட்டினார். "தண்ணியும் குடுத்தீங்க, நாத்தும் குடுக்கறீங்க. ரொம்ப பெரிய மனசு டீச்சர் உங்களுக்கு. ஆனா வேணாம். என் கைக்கு இது ஒட்டல. உங்க நாத்தையும் வாங்கிக் கெடுத்துட்டேன்னா மனசு தாங்காது."

"உங்க கையில ஒண்ணுமில்ல பாய்" என்றேன்.

"நீங்க ஆறுதலுக்குச் சொல்றீங்க."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அவரே வாசலைத் திறந்து வைத்த மாதிரி அந்த வார்த்தையைச் சொன்னார். நான் வெயில் ஏறிவிட்டது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்து, வரப்பு வழுக்கும், பார்த்துப் போங்க என்று சொன்னார்.

சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. வெளிச்சம் படப்படப் பழுப்பாகி, பிறகு கறுப்பாகும். வெள்ளி அயனி எலக்ட்ரானைத் திரும்பப் பெற்று உலோக வெள்ளியாகித் தோலிலேயே தங்கிவிடும். சோப்புக்கும் எலுமிச்சைக்கும் அது போகாது, அந்தத் தோல் தேய்ந்து உதிர்கிற வரை இருக்கும். என் வலது கையின் இரண்டு விரல்கள் கறுத்துக் கிடந்தன. வகுப்பில் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன். சாக்பீஸ் பிடிக்கும்போது மறைக்க முடியவில்லை. இதற்கிடையில் அந்தப் பெண் வகுப்பில் கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தாள். பஸ்ஸிலும் அதிகம் பேசவில்லை. நான் அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

ஆய்வக வகுப்பில் ஒருநாள் பதிவேட்டில் கையெழுத்து வாங்க என் மேசைக்கு வந்தாள். என் விரலைப் பார்த்துவிட்டு, "சில்வர் நைட்ரேட்டா மேடம்?" என்றாள்.

"ஆமா."

"எங்களுக்கு இன்னும் குளோரைடு டெஸ்ட் வரலியே. நீங்க எதுல மேடம் பண்ணீங்க?"

எத்தனையோ பொய்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு என்று சொல்லியிருக்கலாம். நான் களைத்துப் போயிருந்தேன். "உங்க நாத்தங்கால் தண்ணில" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஜிப்சம், கால்சியம், வரப்பை வெட்டி விட்டது, வகுப்பில் அவளுக்கு நான் சொன்ன தவறான பதில். "அன்னிக்கு எங்க போகும்னு கேட்டியே. உங்க வயலுக்குத்தாம்மா போச்சு" என்றேன். சுற்றிலும் மற்ற பிள்ளைகள் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அத்தாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க மேடம். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. அவங்க மனசு கஷ்டப்படாம இருக்கச் சொல்றேன்னு நெனப்பாங்க."

அன்று பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அவளோடு போனேன். அவர் வீட்டு முற்றத்தில் ஒரு புது மண்வெட்டியைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டுப் போகிற சாமானைத்தான் அப்படித் துடைப்பார்கள். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஏதாவது சாக்குச் சொல்லிக் கிளம்பிவிடுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

அவர் கேட்டு முடித்ததும், "அப்ப யூரியா கூடிப் போகலையா?" என்றார்.

"இல்லைங்க."

"நாத்துப் பாவுனதுல தப்பு இல்லையா?"

"ஒரு தப்பும் இல்லைங்க. நல்ல மொளைப்பு. நல்ல தண்ணியா இருந்திருந்தா எங்க நாத்த விட நல்லா வந்திருக்கும்."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் நான் எதிர்பார்த்துப் போன கோபம் இல்லை. பரீட்சையில் தேறிவிட்டதாகத் தாமதமாகக் கேள்விப்பட்ட பையனின் முகம் மாதிரி இருந்தது. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "ஊர்ல அத்தன பேரும் சிரிச்சாங்க டீச்சர். நானும் சேந்து சிரிச்சேன்" என்றார். பிறகு, யாரையும் குற்றம் சொல்லாத குரலில் கேட்டார்: "இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நாத்து வேணுமான்னு கேக்க வந்தேனே, அதுக்கு முன்னாடியே தெரியும்."

"அதுக்கு மறுநாள்தான் டீச்சர் ஏஜென்ட்டுகிட்ட கையெழுத்துப் போட்டேன். மச்சான் அங்க கம்பெனில எனக்காக வாக்கு குடுத்துட்டாரு. இப்ப வரலேன்னா அவரு பேரு கெட்டுப் போகும்."

கீழே தரையைப் பார்த்துக்கொண்டு, "அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா போயிருக்க மாட்டேன்" என்றார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். மகளிடம் டீச்சருக்குத் தேநீர் போடச் சொன்னார். குடிக்காமல் வந்தால் அவருக்கு இன்னொரு அவமானம் என்பதால் குடித்தேன். தெரியாமல் உப்பை விட்டது ஒரு தப்பு. அதை நான் எப்படியாவது என் மனதோடு சமாதானம் செய்துகொண்டிருப்பேன், ஊர்ப் பழக்கம், யாருக்கும் தெரியாது என்று. தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருந்த அந்த நாட்களுக்கு எந்தச் சமாதானமும் இல்லை. ஒரு பெண்ணுக்கு வீட்டில் நடமாடுகிற தகப்பன் இருப்பதும் இல்லாமல் போவதும் என் கௌரவத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கௌரவத்தைப் பார்த்துக்கொண்டேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் அவர் கிளம்பிப் போய்விட்டார். அண்ணன் ஆள் வைத்து வடிகாலைத் தூர் வாரினார். தானும் இறங்கிக் கோரையை அறுத்தார். நான் விடுமுறை நாட்களில் போய் வெட்டிப் போட்டதை அள்ளிக் கரையேற்றினேன், யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. இப்போது இரண்டு வயலின் தண்ணீரும் அந்த வடிகாலில்தான் போகிறது. மழை அவர் வயலைக் கழுவும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். போகிற அன்று அவர் சொல்லிவிட்டுப் போனது ஒன்றுதான்: "மண்ணு தெளிஞ்சதும் சொல்லுங்க டீச்சர். வந்துடுறேன்."

வாராவாரம் அந்தப் பெண் வயலிலிருந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறாள். வகுப்பு முடிந்து மதியத்தில் ஆய்வகத்தில் சோதனை செய்வோம். முதலில் நான் செய்தேன். பிறகு தானே செய்வதாகச் சொல்லிவிட்டாள். கையுறை போட்டுக்கொள் என்றால் கேட்பதில்லை. அவளுடைய விரலும் இப்போது கறுத்திருக்கிறது.

சென்ற வாரம் சொட்டு விட்டு, குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வெள்ளை சுருள் சுருளாக இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின வாரத்துக் குழாயையும் இருட்டு அலமாரியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் தாங்கியில் வைத்திருந்தோம். மறுபடியும் மறுபடியும் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"கொஞ்சம் கொறஞ்ச மாதிரி தெரியுதுல்ல மேடம்?" என்றாள்.

எனக்கு ஆமாம் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது. குழாயை அவள் கையிலிருந்து வாங்கிப் பார்த்தேன்.

"இல்லம்மா" என்றேன். "அப்படியேதான் இருக்கு."